கேக் பெட்டிக்கு வார்னிஷா, சாதாவா?

என் கணவரும் நானும் முதன்முதலாகப் பேசிக்கொண்டது ஒரு லேபிளைப் பற்றி. பேசிக்கொண்டது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். சண்டை என்பதே சரி.

எழுபதுகளின் தொடக்கம் அது. நாங்கள் சேலையூரில் இருந்தோம். அப்பா எழும்பூரில் ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். நான் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் சின்ன வகுப்பு டீச்சர். மாப்பிள்ளை வீடு குரோம்பேட்டை. அவர் பல்லாவரம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேன். இயந்திரப் பாகங்களைக் கோடு பிசகாமல் தாளில் வரைந்து கொடுக்கிற வேலை. நிச்சயதார்த்தத்தன்று எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அவர் மொத்தமாகச் சொன்னது, "சர்க்கரை கொஞ்சம் கம்மியா" என்பது மட்டும்தான். அதையும் என்னிடம் சொல்லவில்லை, காபி கொண்டுபோன என் சித்தியிடம் சொன்னார். "பையன் ரொம்ப அமைதி" என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நானும்தான்.

எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களில், கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கேக் துண்டை அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுக்கிற பழக்கம் அப்போதுதான் எங்கள் பக்கம் பரவிக்கொண்டிருந்தது. பெட்டியின் மேல் பெண், மாப்பிள்ளை பெயர் அச்சடித்த லேபிள் இருக்கும். இன்றைக்கு ஸ்டிக்கர் என்கிறார்கள், உரித்து வைத்தால் ஒட்டிக்கொள்கிறது. எங்கள் காலத்து லேபிளுக்குப் பின்னால் காய்ந்த கோந்து இருக்கும். ஈரம் தொட்டால்தான் ஒட்டும். சில நேரம் தொட்டாலும் ஒட்டாது.

கேக் மாப்பிள்ளை வீட்டுச் செலவு, பெட்டியும் லேபிளும் எங்கள் பொறுப்பு என்று பேச்சு. ஆனால் லேபிளுக்குப் படம் தானே வரைந்து தருவதாக மாப்பிள்ளை சொல்லியனுப்பினார். இரண்டு மணிகள், சுற்றிலும் கொடி, நடுவே பெயர்கள். அதை அச்சகத்தில் நேரில் ஒப்படைக்க ஒரு சனிக்கிழமை காலை வருகிறார் என்றும் செய்தி வந்தது. அப்பாவுக்கு அன்று அரைநாள் ஆபீஸ். எனக்குப் பள்ளி விடுமுறை. "நீயே போயிட்டு வா. பேர்ல எழுத்துப்பிழை இல்லாம பார்த்துக்கோ" என்று அப்பா என்னை அனுப்பினார். துணைக்குச் சித்தி. என்னை அவரோடு தனியாக விடக்கூடாது என்பது ஏற்பாடு. எங்கள் இருவரில் யாருக்குப் பாதுகாப்புத் தேவைப்பட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

அச்சகம் தாம்பரம் மார்க்கெட் பக்கம் இருந்தது. அதன் சொந்தக்காரர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். மாடம்பாக்கம் போகிற வழியில் இருந்த நிலத்தில் ஒரு பகுதியை மனை போட்டு விற்று, வந்த பணத்தில் மிஷின் வாங்கியிருந்தார். வியாபாரத்தில் அவருக்கு ஒரே ஒரு கொள்கை: வந்தவர் என்ன சொன்னாலும் அதுதான் சரி.

நாங்கள் போனபோது மாப்பிள்ளை முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சின்ன ஸ்கேல். எங்களைப் பார்த்ததும் எழுந்து, சித்திக்கு வணக்கம் சொல்லி, என் தலைக்கு மேலே சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"குந்துங்கம்மா, குந்துங்க" என்று அச்சகக்காரர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "டிசைன் சோக்கா கீது. இப்போ விஷயம் இன்னான்னா, லேபிளு வார்னிஷ் போட்டு வோணுமா, சாதாவா?"

இரண்டு மாதிரிகளை மேஜையில் வைத்தார். ஒன்று ஏதோ சர்பத் பாட்டிலுக்கு அடித்தது. அச்சடித்த பிறகு மேலே வார்னிஷ் பூசி, கண்ணாடி போலப் பளபளத்தது. மற்றொன்று மருந்துக்கடைக்கு அடித்தது. பூச்சு எதுவும் இல்லாத வெறும் தாள். மங்கலாக, தொட்டால் மெத்தென்று இருந்தது.

"வார்னிஷ்தான்" என்றார் மாப்பிள்ளை. யோசிக்கவே இல்லை.

"அத்தான் சார் நானும் சொல்ல வந்தேன். கண்ணப் பறிக்கும்" என்றார் அச்சகக்காரர்.

என்னிடம் யாரும் கேட்கவில்லை. எழுத்துப்பிழை பார்ப்பதோடு என் வேலை முடிந்தது என்று இருந்திருக்கலாம். ஆனால் அந்தச் சர்பத் லேபிளில் என் பெயரை வைத்துப் பார்த்தேன், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சோப்புப் பெட்டி மாதிரி இருக்கு."

மாப்பிள்ளை முதல்முறையாகக் காலண்டரை விட்டு என்னைப் பார்த்தார். "சோப்பா?"

"ஆமா. இல்லேன்னா தலைவலித் தைலம்."

சித்தி என் முழங்கைக்குக் கீழே ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"கேக்ல வெண்ணெய் இருக்கும்" என்று அவர் பொறுமையாக ஆரம்பித்தார். எதிரில் இருப்பது கணக்கில் கொஞ்சம் மந்தம் என்று நினைக்கிறவரின் பொறுமை. "வெயில் காலம். வெண்ணெய் உருகி அட்டையில ஊறும். சாதா பேப்பர்னா எண்ணெய் மேல வந்துடும். வார்னிஷ் தாங்கும்."

"பேர் படிக்க முடியணுமே" என்றேன் நான். மாதிரியை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தேன். தெருவின் வெயில் முழுக்க அதில் வந்து விழுந்தது. எழுத்தைக் காணோம்.

"கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சா தெரியும்."

"கல்யாணத்துக்கு வர்றவங்க எல்லாரும் சாய்ச்சுப் பிடிப்பாங்களா?"

மாப்பிள்ளை, அச்சகக்காரர் வரவழைத்திருந்த டீயில் விரல் நுனியைத் தோய்த்து, இரண்டு லேபிள்கள் மேலும் ஒவ்வொரு சொட்டு வைத்தார். சற்றுப் பொறுத்துக் கைக்குட்டையால் துடைத்தார். வார்னிஷில் ஒரு தடமும் இல்லை. சாதாவில் பழுப்பாக ஒரு வட்டம் விழுந்துவிட்டது. பரீட்சையில் முதல் வந்த பையன் போல நிமிர்ந்து பார்த்தார்.

"கேக் மேல டீயை யார் ஊத்துவாங்க?" என்றேன்.

"அம்மா சொல்றதும் கரீட்டுதான்" என்று அச்சகக்காரர் என் பக்கம் தாவினார். "சாதான்னா அடக்கமா இருக்கும். பெரிய எடத்துல எல்லாம் இப்போ அத்தான் கேக்கறாங்க."

"இப்பத்தான் வார்னிஷ் நல்லதுன்னீங்க?" என்றார் மாப்பிள்ளை.

"அதுவும் நல்லதுதான் சார்."

இதற்கு முடிவு கட்டியது சித்தி. நியாய தர்மம் எல்லாம் அலசிப் பார்த்து அவள் கட்டவில்லை. வீட்டில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வந்திருந்தாள். அந்த அக்காவின் ஞாபகசக்தி மேல் அவளுக்கு நம்பிக்கை கிடையாது.

"பாதி வார்னிஷ், பாதி சாதா. அடிச்சிடுங்க. ரெண்டு பேருக்கும் திருப்தி. வா, போகலாம்."

வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் என் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார். "சோப்புப் பெட்டின்னீங்களே. நிஜமாவே அப்படித் தோணுச்சா?"

"நிஜமாத்தான்."

"ம்" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

வழியெல்லாம் சித்தி என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். கல்யாணம் நின்றுவிடும் என்றே எனக்கும் பயம். அடுத்த வாரம் அப்பா குழப்பமான முகத்தோடு வீட்டுக்கு வந்தார். ரயிலில் மாப்பிள்ளையைப் பார்த்தாராம். "பொண்ணு நல்லாப் பேசறா, அப்படின்னு சொன்னார்" என்றார். இது பாராட்டா, புகாரா என்று அம்மாவும் சித்தியும் சேர்ந்து அலசினார்கள். கல்யாணம் முடிகிற வரை அந்த ஆராய்ச்சி முடியவில்லை.

லேபிள் கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் வந்து சேர்ந்தது. மின்சாரம் சரியாக இல்லை, அதனால் தாமதம் என்றார் அச்சகக்காரர். வார்னிஷ் கட்டைத் தொட்டால் விரலில் லேசாகப் பிசுபிசுத்தது. "காஞ்சுடும்மா. வெயில் கீதுல்ல" என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனார். பிற்பகல் முழுவதும் நானும் சித்தியும் அம்மாவும் ஈரத்துணியில் லேபிளை ஒற்றி ஒற்றிப் பெட்டிகளில் ஒட்டினோம். வார்னிஷ் லேபிள்கள் ஓரம் சுருண்டு எழுந்து எங்களைப் பார்த்தன. சாதா லேபிள்கள் சொன்னபடி படுத்தன. நான் ஒரு சாதா லேபிளைத் தடவிக் கொடுத்தேன். சித்தி, "சரிடீ, மூஞ்சியை அப்படி வெச்சுக்காதே" என்றாள்.

கல்யாணம் மே மாதத்தில். தேவாலயத்தில் ஆராதனை முடிந்து, பக்கத்துப் பள்ளிக்கூட ஹாலில் மாலை வரவேற்பு. கேக் வைத்த பெட்டிகளை மதியமே கொண்டுவந்து, ஹாலை ஒட்டிய தகரக் கூரை அறையில் அடுக்கிவிட்டார்கள். வார்னிஷ் ஒரு வரிசை, சாதா ஒரு வரிசை. அடுக்கியவர் என் தாய்மாமா. எதையும் இனம் பிரித்து வைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

மேடையில் நானும் அவரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். கழுத்தில் மாலை, தலையில் முக்காடு, முகத்தில் போட்டோவுக்கான புன்னகை. கீழே தாய்மாமா, எங்கள் வீட்டார் நிறைந்திருந்த முன்வரிசையிலிருந்து பெட்டிகளை விநியோகம் செய்யத் தொடங்கினார். வார்னிஷ் அடுக்கு கதவுக்கு அருகில் இருந்ததால் அது முதலில் போனது. ஹாலின் பாதி தாண்டியதும் ஆட்களைச் சாதா அடுக்கிலிருந்து எடுக்கச் சொன்னார். முன்பக்கம் டியூப்லைட் வெளிச்சத்தில் பெட்டிகள் மினுமினுத்தன. பின்பக்கம் மினுமினுக்கவில்லை. இதில் ஒரு விபரீதம் இருப்பது எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளையின் பெரியப்பா வந்தார். கல்வி இலாகாவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் குடும்பத்தில் ஜெபம் என்றாலும் பஞ்சாயத்து என்றாலும் அவர்தான் முதலில் வாய் திறப்பார். ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு தாமதமாகிவிட்டது. கூட்டத்தைக் கலைக்க வேண்டாமென்று பெருந்தன்மையாகக் கடைசி வரிசையிலேயே உட்கார்ந்தார். அவர் கையில் ஒரு பெட்டி வந்தது. அதைப் பார்த்தார். முன்வரிசையைப் பார்த்தார். மறுபடி தன் பெட்டியைப் பார்த்தார்.

பக்கத்தில் போன என் தாய்மாமாவை நிறுத்தி, "அது என்ன, இது என்ன?" என்று கேட்டார்.

தாய்மாமாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "அது வார்னிஷ், இது சாதாங்க" என்றார்.

"சாதாவா?" பெரியப்பாவின் குரல் மேடை வரை கேட்டது. "எனக்குச் சாதாவா?"

ஹோட்டலில் சாதா தோசை, ஸ்பெஷல் தோசை என்று கேட்டுப் பழகிய ஊர். அந்த ஒரு சொல் போதும். பின்வரிசைகளில் எல்லோரும் தங்கள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். வார்னிஷ் பெட்டி கேக்கில் முந்திரி, சாதாவில் வெறும் டூட்டி ஃபுரூட்டி என்று ஒரு செய்தி கிளம்பியது. இல்லை, வார்னிஷில் ஒயின் ஊற்றியிருக்கிறது என்று எங்கள் பக்கத்து அத்தை ஒருத்தி சொன்னாள். ஒயினை எதிர்த்து ஊரெல்லாம் பேசுகிற அந்த அத்தை, ஒன்றுக்கு இரண்டாக வார்னிஷ் பெட்டிகளைக் கைப்பைக்குள் போட்டதை நான் மேடையிலிருந்து பார்த்தேன்.

"அங்க என்ன நடக்குது?" என்று புது மாப்பிள்ளை உதடு அசையாமல் கேட்டார்.

"உங்க வார்னிஷ்" என்றேன் நானும் உதடு அசையாமல். மனைவியாக நான் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

பெரியப்பா பெட்டியை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். அப்பா ஓடினார். மாமனார் ஓடினார். இதற்கு மேல் தாங்காமல் மாப்பிள்ளையும் மாலையோடு மேடையிலிருந்து இறங்கிப் போனார்.

"பெரியப்பா, ரெண்டும் ஒரே கேக்தான். லேபிள்தான் வேற. எனக்கு வார்னிஷ் பிடிச்சது. அவளுக்குச் சாதா பிடிச்சது. அதான் பாதிக்குப் பாதி."

"ஓகோ" என்றார் பெரியப்பா. "அப்ப உனக்குப் பிடிச்சதை அவங்க வீட்டாளுங்களுக்குக் குடுத்திருக்கே. எனக்கு மட்டும் அவளுக்குப் பிடிச்சதா?"

இந்தக் கணக்குக்கு விடை எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அதற்குள் தாய்மாமா, எப்படியாவது சமாதானம் செய்ய வேண்டுமென்று, தகரக் கூரை அறைக்குள் ஓடி மிச்சமிருந்த வார்னிஷ் அடுக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெரியப்பாவின் எதிரில் நின்று மேல் பெட்டியை எடுத்தார். வரவில்லை. மதிய வெயிலில் வார்னிஷ் இளகி, மேலிருந்த பாரத்தில் ஒரு பெட்டியின் தலை அடுத்த பெட்டியின் அடியோடு ஒட்டிப்போயிருந்தது. முழு அடுக்கும் ஒரே தூண் போலத் தாய்மாமாவின் கையோடு எழுந்தது. அவர் பல்லைக் கடித்து இழுத்தார். பர்ரென்று ஒரு சத்தம். லேபிள் சரிபாதியாகக் கிழிந்தது. கீழே இருந்த பெட்டியின் மேல் மாப்பிள்ளை பெயர் நின்றது. என் பெயர் மேல் பெட்டியின் அடியில் போய்விட்டது.

"ஐயோ, பேரைப் பிரிச்சுட்டீங்களே!" என்று ஒயின் அத்தை மார்பில் கை வைத்தாள்.

பெரியப்பா அந்த மேல் பெட்டியை வாங்கினார். மானம் காக்க வாங்கினார் என்றே நினைக்கிறேன். நடந்து வந்த வியர்வை கையில் இருந்தது. என் பெயர் இருந்த துண்டு அவருடைய கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. உதறினார், போகவில்லை. மற்றக் கையால் பிய்த்தார், அந்தக் கைக்கு மாறியது. முன்வரிசையிலும் இதே கதைதான். ஒருத்தர் வேட்டியில் பெட்டி ஒட்டியிருந்தது, ஒரு அம்மாள் பட்டுப்புடவை மடியில் ஒட்டியதை ஊதி ஊதி எடுத்துக்கொண்டிருந்தாள். பெருமையோடு வாங்கிய பெட்டிகளை என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோரும் விரல்களை விரித்து வைத்திருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மணப்பெண் சிரிக்கலாம், ஆனால் பல் தெரியாமல் சிரிக்க வேண்டும். நான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன், முக்காடு நழுவி விழுந்தது. சித்தி பின்னாலிருந்து, "வாயை மூடுடீ, மாமியார் பாக்கறாங்க" என்றாள். மாமியாரைப் பார்த்தேன். அவர் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அவருடைய தோளும் குலுங்கியது.

பெரியப்பா கையை ஒருவழியாகத் துணியில் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"அந்தச் சாதாவையே குடுங்க" என்றார்.

அவர் நாற்காலியில் வைத்துவிட்டு வந்த பெட்டியை அதற்குள் யாரோ கொண்டுபோயிருந்தார்கள். வேறொன்றைத் தேடிக் கொடுத்தார்கள். அதில் வெண்ணெய் ஊறி, லேபிளின் நடுவே எண்ணெய்த்தாள் போல ஒரு வட்டம் விழுந்திருந்தது. மாப்பிள்ளை பெயரின் முதல் எழுத்துகள் அதற்குள் மூழ்கிவிட்டன. அச்சகத்தில் தான் டீ வைத்துக் காட்டிய விஞ்ஞானம் சொன்னது சொன்னபடி நடந்திருக்கிறது என்று என் கணவருக்கு அந்த இக்கட்டிலும் ஒரு சந்தோஷம். பெட்டியை மேடையில் இருந்த எனக்குத் தெரியும்படி லேசாகச் சாய்த்துக் காட்டினார். பெரியப்பா அதைக் கவனிக்காமல் திறந்து, ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டார்.

"கேக் நல்லாத்தான் இருக்கு" என்றார். வீட்டிலேயே தங்கிவிட்ட பெரியம்மாவுக்கும் ஒரு பெட்டி கேட்டார். "இதே மாதிரி. ஒட்டாதது" என்று சேர்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஹாலில் சாதாவுக்கு வந்த கிராக்கியைச் சொல்லி மாளாது. முந்திரியும் ஒயினும் இப்போது சாதா பெட்டிக்கு இடம் மாறிவிட்டன.

குரோம்பேட்டைக்கு வாடகைக் காரில் போனோம். முன்னால் டிரைவரோடு ஒரு கொழுந்தன், பின்னால் நாங்கள் இருவரும். அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கோபமோ என்று நினைத்தேன்.

"யோசிச்சுப் பார்த்தா, ரெண்டும் சரியில்லை" என்றார் கொஞ்ச தூரம் போனதும். "வார்னிஷ் நல்லாக் காய விட்டிருக்கணும். கேக்குக்கு அடியில மெழுகுத்தாள் போட்டிருக்கணும். அடுத்த தடவை..."

"அடுத்த தடவையா? யாருக்கு?" என்றேன்.

முன்சீட்டில் டிரைவர் இருமினார். என் கணவர் ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். நிச்சயதார்த்தத்திலும் அச்சகத்திலும் நான் பார்த்த அந்த அமைதியான பையன் எங்கேயோ போய்விட்டார். இவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற ஆள். எனக்கு அதற்குள் லேபிள் ஒட்டிய கைவலி, தலைவலி, பசி எல்லாம் இருந்தது. ஆனாலும் இந்த மனுஷனோடு காலம் தள்ளிவிடலாம் என்று தோன்றியது.

வீட்டு வாசலில் எல்லோரும் கூடி நின்றார்கள். புதுப் பெண் உள்ளே காலெடுத்து வைக்கும் முன் ஜெபம் செய்வது அவர்கள் வழக்கம். செய்தவர் பெரியப்பா. கண்ணை மூடி, கையை உயர்த்தி, நிதானமாக ஆரம்பித்தார். மழை, வெயில், ரயில்வே கேட் எல்லாவற்றுக்கும் நன்றி சொன்னார். பிறகு குரல் கனிந்தது.

"ஆண்டவரே, வெளிப்பூச்சைப் பார்த்து மயங்காத இருதயத்தை இந்தப் பிள்ளைகளுக்குத் தாரும்..."

எனக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பிவிட்டது. உதட்டைக் கடித்தேன், மூக்கு வழியாக வந்தது. பக்கத்தில் நின்ற என் கணவர் நிலைமையைப் புரிந்துகொண்டு, ஜெபம் பாதியில் இருக்கும்போதே வீடு அதிரும்படி, "ஆமென்!" என்றார். என் சிரிப்பு அதில் அமுங்கிப்போனது. தம்பி மகனின் பக்தியைப் பார்த்துப் பெரியப்பாவுக்கு ஏக உற்சாகம். ஜெபத்தை இன்னும் நீட்டினார். நாங்கள் கால் கடுக்க வாசலிலேயே நின்றோம்.